டிரம் மேல் விழுந்த பொன்னாடை

அந்தப் பொன்னாடையை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

தர்மபுரியில் ஒரே கல்லூரியில் படித்த நாலு பேர் சேர்ந்து ப்ளூஸ் பேண்ட் ஆரம்பித்தோம். எலக்ட்ரிக் கிடார் வாசித்துப் பாடியவன் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. நல்லம்பள்ளியில் அவர்களுடைய தக்காளி ஷெட்டில்தான் பயிற்சி. நான் பேஸ் கிடார், இன்னொருவன் கீபோர்டு. டிரம்மர் காலனிக்காரன். பாட்டு எழுதியதும் அவன்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வலியில் பிறந்த பாட்டு வகை ப்ளூஸ். அதில் ஒரு வரியை இரண்டு முறை பாடி, மூன்றாவதில் பதில் சொல்ல வேண்டும். அவன் எழுதினான்:

வாசல் வரைக்கும் கூப்புட்டாங்க, வாசலோட நிறுத்துனாங்க.
வாசல் வரைக்கும் கூப்புட்டாங்க, வாசலோட நிறுத்துனாங்க.
நான் அடிச்ச அடிக்கு மட்டும் உள்ள நின்னு ஆடுனாங்க.

அந்த ஒரு பாட்டு எங்களைப் பெங்களூர் மேடை வரை கொண்டுபோனது. கிடார்க்காரன் கண்ணை மூடிப் பாடுவான். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெயர் பரவியதும் கிடார்க்காரனுடைய ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலக் கச்சேரி. இந்தப் பாட்டின் நடுவிலேயே, எல்லா ஊரிலும் செய்கிற மாதிரி, விழாக்குழுப் பெரியவர் மேடையேறிப் பாட்டை நிறுத்தினார். எங்கள் மூன்று பேருக்கும் பொன்னாடை போர்த்திக் கட்டித் தழுவினார். டிரம்மர் எழுந்து, கழுத்தைத் தாழ்த்தி நின்றான். பெரியவர் அவனைத் தொடவில்லை. பொன்னாடையை டிரம் மேல் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

கிடார்க்காரன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "கண்டுக்காதடா. அத எடுத்துப் போட்டுட்டு வாசி" என்றான்.

"நீ வந்து எடு" என்றான் டிரம்மர்.

"ஊரே பாக்குதுடா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

முன்வரிசையில் கிடார்க்காரனின் அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு மைக்குக்குத் திரும்பி, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தான். வாசலோட நிறுத்துனாங்களாம்! அதே கண் மூடல், அதே குரல் நடுக்கம். தூ!

டிரம்மர் அந்தத் துணி மேலேயே நாலு அடி அடித்தான். தொப் தொப்பென்று கேட்டது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். நானும் வயரைப் பிடுங்கிவிட்டு, தோளில் கிடந்ததை அங்கேயே எறிந்துவிட்டு அவன் பின்னால் போனேன். கீபோர்டுக்காரனுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அவன் பெட்டியில் தாளத்துக்கென்று ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்திவிட்டான். கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"சின்ன விசயத்துக்குப் பேண்டையே ஒடச்சிட்டீங்களேடா" என்று கிடார்க்காரன் மறுநாள் போனில் திட்டினான். போனை வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. புது ஆட்களோடு அதே பாட்டைப் பாடுகிறான். எழுதியவன் பேச்சே இல்லை. "இது என் மண்ணோட வலி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறான். பாடி முடித்ததும் யாரோ பொன்னாடை போர்த்துகிறார்கள். அதற்குக் கழுத்தைத் தாழ்த்துகிறான்.