பாதி யூரியா

எங்கள் வயல் குத்துக்கல்வலசையைத் தாண்டி ரோட்டை ஒட்டி இருக்கிறது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். சீசன் தொடங்கிவிட்டால், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள்கூட எங்கள் மக்காச்சோளத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

வயலில் எனக்கும் அண்ணனுக்கும் சரிபங்கு. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து அண்ணனுக்கு வீரிய ஒட்டு ரகம் ஒன்றுதான் சோளம். யூரியாவைக் கொட்டக் கொட்ட அது விளையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருஷா வருஷம் விதைக்குக் கடை வாசலில் நிற்க வேண்டும். நான் கொண்டுவந்தது நாமே விதை எடுத்து வைத்துக்கொள்ளும் பழைய ரகம். பாதி யூரியாவிலேயே கதிர் பிடிக்கும் என்றார்கள். பிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

"சரி, போட்டுப் பாரு. நல்லா வந்தா அடுத்த வருஷம் வயலு பூரா ஒன் சோளந்தான்" என்றான் அண்ணன்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் அவன் பக்கத்துக்கு முழு யூரியாவும் என் பக்கத்துக்குப் பாதியும் வைத்தோம். அவனுடையது கருகருவென்று நின்றது. என் செடிகளில் அடியிலைகளில் மட்டும் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் ஓடியது. ஓடட்டுமே, கதிரைத்தானே பார்க்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துச் சென்னைச் சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து இறங்கினார்கள். அவர்களோடு ஐந்தருவிக்கும் மெயினருவிக்கும் அலைந்துவிட்டு வயலுக்கு வந்தால், வரப்பில் காலி யூரியாச் சாக்கு கிடக்கிறது. என் பக்கத்துச் செடிகளுக்குப் புதிதாக மண் அணைத்திருக்கிறது.

"ஏண்ணே, இதுல யாரு ஒரம் வச்சது?"

"நாந்தான். ரோட்டுல போறவன்லாம் வண்டிய நிறுத்திக் கேக்குதான், தங்கச்சி பங்குன்னா ஒரம் வைக்க மாட்டியளா அண்ணாச்சின்னு. மானம் போவுதுட்டி. பந்தியில ஒரு எலைக்கு மட்டும் சோத்தக் கொறச்சு வைக்க முடியுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் பாசத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பழைய ரகம் இயல்பிலேயே நெட்டை, உரம் மிஞ்சினால் காற்றுக்குத் தாங்காது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சோளம் ஆளுயரத்தைத் தாண்டி மதமதவென்று வளர்ந்தது. தண்டு மட்டும் தடிக்கவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கு ரொம்பத் திருப்தி. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இரைந்துகொண்டு இறங்கியது. ஒரே மத்தியானத்தில் என் பக்கம் முழுதும் படுத்துவிட்டது. குட்டையான ஒட்டு ரகம் அசையாமல் நின்றது.

அண்ணனுக்கு உண்மையிலேயே வருத்தம். பக்கத்தில் வந்து நின்றான்.

"விடுட்டி. ஒரத்துல ஒனக்கு நான் ஒரு கொறையும் வைக்கல. ரகந்தான் சரியில்ல. அடுத்த வருஷம் ரெண்டு பங்குக்கும் நானே ஒட்டு வெதை வாங்கிப் போடுதேன்."

நான் விதைக்கு எடுத்து வைக்க ஒரு கதிராவது முற்றியிருக்கிறதா என்று குனிந்து உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் பட்ட மணியெல்லாம் பாலாகத்தான் பீச்சியது.