கன்னடத்தில் ஒரு மாதிரிப் பாடம்

நான் சென்னை ராஜதானியில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அந்தச் சான்றிதழ் இருந்தால் எங்கு போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த பெங்களூர் கன்டோன்மென்ட், வெள்ளைக்காரர் கையிலிருந்து மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. வருஷா வருஷம் தற்காலிக அனுமதியைப் புதுப்பித்துத்தான் அல்சூர்ப் பள்ளியில் பாடம் நடத்தினேன். கோடை வந்தால் கல்வி அலுவலகப் பெஞ்சில் காத்துக் கிடந்து, "நாளெ பன்னி" என்று கேட்டுக்கொண்டு திரும்புவேன். நாளைக்கு வாருங்கள் என்பதுதான் நான் முதலில் கற்ற கன்னடம்.

ஒரு வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் கன்னடத்தில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தேறினால் நிரந்தர உரிமம். இல்லாவிட்டால் இனி அனுமதியே கிடையாது. அப்புறம் எனக்கு வேலூரில் அண்ணன் வீடுதான் கதி. புருஷனை இழந்தவளுக்கு அங்கே அடுப்படி மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மாதிரிப் பாடத்துக்குக் குறிப்பு எழுதும்போது ஒரு பக்கம் ஆசிரியரின் கேள்வி, எதிர்ப்பக்கம் பிள்ளை சொல்ல வேண்டிய விடை. பயிற்சிப் பள்ளியில் எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சாயங்காலங்களில் என் ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நானே பேசிப் பார்த்தேன். கேள்வி என் குரலில், விடை கீச்சுக் குரலில்.

"மளெ எல்லிந்த பருத்தெ?" மழை எங்கிருந்து வருகிறது?

"மோடதிந்த, மிஸ்!" மேகத்திலிருந்து.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு டீச்சரம்மா வந்துகிறாங்க? கொயந்த சத்தம் கேக்குதே?"

தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பினேன். மறுநாள் அவள் கடலை உருண்டை கொண்டுவந்தாள். "கொயந்தைக்குக் குடு." நான்தான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பாடத்தன்று இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பிள்ளைகள் கை தூக்குவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "மோடதிந்த, மிஸ்!" அதே கீச்சுக் குரல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வேலூர் அடுப்படிப் புகை அப்போதே என் கண்ணில் ஏறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா சிரிக்கவில்லை. "வீட்ல யாரும் இல்லையா, டீச்சர்?" என்று தமிழிலேயே கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி. இங்க இத்தனை பேர் இருக்காங்க. அவங்களைச் சொல்ல விடுங்க."

விட்டேன். மணி அடிக்கும்வரை பிள்ளைகளே விடை சொன்னார்கள். உரிமத்தில் கையெழுத்தாயிற்று.

அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். பூட்டைத் திறந்த பிறகுதான், யாரிடம் காட்ட இவ்வளவு அவசரம் என்று உறைத்தது. சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். இனிப் பேசிப் பார்க்கப் பாடமும் இல்லை.

பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றாள். "கொயந்த ஊருக்குப் பூடுச்சா? சத்தமே காணோம்."

"போயிடுச்சும்மா."

"ஐயோ, வீடு வெறிச்சுனு இருக்குமே!"

"ஆமாம்மா, ரொம்ப" என்றேன். அவளிடம் மழுப்பாமல் நான் சொன்னது அது ஒன்றைத்தான்.