இருபத்து நாலு டயப்பரும் ரெண்டு இன்ச்சும்

தெருவில் அவருக்குப் பெயர் ரெண்டு இன்ச். பள்ளிச் சீருடை தைப்பது முப்பது வருஷமாக அவருடைய தொழில். பிள்ளையை நிமிர்ந்து நிற்க வைத்து அளவெடுப்பார், நோட்டில் கவனமாக எழுதுவார், வெட்டும்போது எல்லாவற்றிலும் ரெண்டு இன்ச் கூட்டிக்கொள்வார். கேட்டால் "வளர்ற பிள்ளை" என்பார். ஒருமுறை நாற்பது வயது வாத்தியார் ஒருவர் பேன்ட் தைக்கக் கொடுத்தபோதும் கை தன்னால் கூட்டிவிட்டது. வாத்தியாரும் அவரைக் கைவிடவில்லை. ஒரே வருஷத்தில் இடுப்பில் வளர்ந்து காட்டினார்.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாரும் கிடையாது. பழைய சட்டைகளைத் தையல் பிரித்து, துண்டுகளைச் செய்தித்தாள்மேல் வைத்து வரைந்து, தானே கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தப்பு நடந்தால் பழியைப் போட ஆள் இல்லை என்பதுதான் அதில் உள்ள ஒரே சங்கடம்.

அந்த ரெண்டு இன்ச்சால் அதிகம் அவதிப்பட்டவள் அவருடைய ஒரே மகள். ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடை ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அடிமடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று நிற்கும். மூன்றாவது கோடு விழுந்த அன்று அவள் அழுதுகொண்டே வந்தாள்.

"எந்த வருஷம் இந்த ஸ்கூல்ல சேந்தேன்னு யாரும் கேக்கிறதே இல்லப்பா. பாவாடையப் பாத்து எண்ணிக்கிறாங்க."

பத்தாம் வகுப்புச் சீருடையை அடுத்த தெருக் கடையில் தைத்துக்கொண்டாள். அந்தக் கடை வாசலில் அவள் நிற்பதை அவர் பஸ்ஸில் போகும்போது பார்த்தார். அந்த ஆள் கச்சிதமாகத் தைத்திருந்தார் என்பதுதான் தாங்கவில்லை. கல்யாண ரவிக்கையும் அங்கேதான் தைத்தாள். அதற்கப்புறம் ஒரு பட்டன் கட்டக்கூட அவரிடம் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். இரட்டைக் குழந்தைகள், ஒரு பெண், ஒரு பையன், ஆபரேஷனில் பிறந்து மூன்று நாள். கடையில் வாங்கிய டயப்பர் பட்டு ரெண்டுக்கும் தொடையெல்லாம் சிவந்துபோயிருந்தது. துணிதான் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்பா, இருபத்து நாலு தச்சுத் தரணும். அளவு சொல்றேன், எழுதிக்குங்க."

"சொல்லும்மா."

"நான் சொல்ற அளவுதான் இருக்கணும். உங்க ரெண்டு இன்ச் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

"டயப்பருக்கெல்லாமா சத்தியம்?"

"பண்ணுங்கப்பா."

பண்ணினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில அங்க வந்துடுவோம். அதுக்குள்ள தச்சு, வெந்நீர்ல மூணு தடவ அலசிக் காய வச்சிடுங்க. புதுத்துணி ஈரத்த இழுக்காதாம்."

போனை வைத்ததும் எழுதிய அளவை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். பதினைந்து வருஷம் கழித்து அவர் கையால் தைத்ததைக் கேட்கிறாள். இதிலும் சொதப்பினால் பேரப்பிள்ளைகளின் முதல் சீருடையும் அடுத்த தெருவில்தான்.

வெளிப்பக்கம் மெத்தென்ற ஃபிளானல் துணி, உள்ளே ரெண்டு அடுக்குத் துவாலைத் துணி, இடுப்பில் கட்ட நாடா. தையல் தொடையில் உராயாதபடி மடிப்பை வெளிப்பக்கமாகத் திருப்பினார். அதுவரை அவர் வெட்டியதிலேயே சின்னக் கால் எல்.கே.ஜி. பையனுடையது. இங்கே கால் என்பது அவருடைய ரெண்டு விரல் கனம். ஒவ்வொரு முறை கோடு போடும்போதும் சாக்குக்கட்டி அளவைத் தாண்டித் தானாக ஓடியது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

"என்ன, போட்டதையே போட்டுட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சத்தியம் பண்ணிருக்கேன்ல."

"முப்பது வருஷமா நான் சொல்லிக் கேக்கல. ஒரு போன்ல கேட்டுட்டீங்களே."

இருபத்து நாலும் நூல் பிசகாமல் வந்தன. இஸ்திரி போட்டு மேஜைமேல் அடுக்கிவைத்து, பார்க்கச் சொல்லி மனைவியை மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. சனிக்கிழமை அவள் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, இருபத்து நாலையும் அதோடு வெட்டாத மிச்சத் துணியையும் சேர்த்துப் போட்டு, மூன்று முறை அலசிக் கொடியில் உலர்த்தினாள்.

ஞாயிறு காலை எடுக்கப் போனவர் கொடிக்குக் கீழேயே நின்றுவிட்டார். இருபத்து நாலும் காய்ந்த இலை மாதிரி சுருண்டு தொங்கின. ஃபிளானல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, துவாலைத் துணி அதைவிட அதிகமாகச் சுருங்கி அதையும் உள்ளே இழுத்திருந்தது. டேப்பை எடுத்து வந்து அளந்தார். ஒன்றே முக்கால் இன்ச் குறைவு. வேறொன்றை அளந்தார். அதுவும் அப்படியே.

"ஏங்க, துணி சுருங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் தச்சது எதுவும் சுருங்கினதில்ல. இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட வந்து சொன்னதில்ல."

"எப்படிச் சொல்லுவாங்க? நீங்கதான் ரெண்டு இன்ச் கூட வச்சுத் தச்சுக் குடுத்துடுறீங்களே! சுருங்கினப்புறம்தான் அது பாதி சரியாவே இருந்திருக்கும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகத் தன் கைத்திறன் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த ரெண்டு இன்ச்சின் வேலை. துணி சுருங்குவதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கவும் அதேதான் உதவியிருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அதை விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு தடவைதான் அது தேவைப்பட்டிருக்கிறது.

புதிதாகத் தைக்கலாம் என்று எழுந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. சுருண்டதையெல்லாம் ஒரு கூடையில் அள்ளிப் போட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளினார். மாப்பிள்ளையும் குழந்தைகளும் உள்ளே வந்து, படுக்கை தட்டிப் போட்டு, மகள் சாய்ந்து உட்கார்ந்ததும் மனைவி அதே கூடையைக் காலால் வெளியே இழுத்தாள்.

மகள் ஒன்றை எடுத்து விரித்தாள். அது மறுபடி சுருண்டுகொண்டது.

"அப்பா, இது என்ன, தொப்பியா?"

"சத்தியமா நீ சொன்ன அளவுதாம்மா. அலசினதுல சுருங்கிடுச்சு."

"நீங்க கூட்டவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு இன்ச்கூட?"

"அரை இன்ச்கூட இல்லம்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கப்பா. தையல் இழுக்குது."

அந்தத் தையல் போட்டவர் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்ததுதான் அன்று அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அதற்குள் பையன் மாப்பிள்ளையின் மடியை நனைத்துவிட்டான். அந்த பேன்ட் அடுத்த தெருக் கடையில் தைத்தது. அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

"மாமா, ஏதாவது துணி குடுங்க, சீக்கிரம்!"

மனைவி பழைய வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டிவிட்டாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சத் துணி இருக்காம்மா?"

"இருக்கு. அதையும் சேத்துத்தான் அலசினேன்."

"அப்ப அது சுருங்கி முடிஞ்சிடுச்சு. அதுல வெட்டுங்கப்பா." சற்று நிறுத்தினாள். "கூட்டியே வெட்டுங்க."

"எவ்வளவு?"

"என்கிட்டயா கேக்குறீங்க? வளர்ற பிள்ளைங்க."

அவர் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்குக்கட்டியைத் தேடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அது கையில்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் முதல் டயப்பர் வந்தது. பெண் குழந்தைக்குக் கட்டிப் பார்த்தார்கள். அக்குள் வரை ஏறியது. நாடா இடுப்பை ரெண்டு சுற்றுச் சுற்றி மீந்தது.

மகள் டேப்பை வாங்கி அளந்தாள். "மூணு இன்ச் கூட இருக்குப்பா."

மூன்று கோடு போட்ட பாவாடையைப் பார்த்த அதே பார்வை. அவர் கீழே கிடந்த நூலைக் குனிந்து பொறுக்கினார். அவள் அதை அவிழ்க்கவில்லை. முன்பக்கத்தைத் தொப்புளில் படாமல் கீழே மடித்துவிட்டு, நாடாவை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். குழந்தை காலை உதைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது.

"அடுத்தது தம்பிக்கு," என்றாள். "ரெண்டே இன்ச். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். இந்தத் தடவை டேப்பை மனைவி பிடித்துக்கொண்டாள்.