எட்டு மில்லிச் சண்டை

“மொதச் சண்டை பொக்கு” என்றாள் ராமுத்தாய், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “தேக்கும், புதுசா வந்திருக்கான்ல ஒரு பய, அவனும். தேக்கு கையை ஓங்குறதுக்கு முன்னாடியே இவன் விழுந்துட்டான். அடி வரட்டும்டா, அப்புறம் விழுடா! வெறுங்காத்து. தூக்கிப் போடு அதை.” சொல்லிக்கொண்டே விதையில்லாத காய் ஒன்றைச் சுண்டி ஓரத்துக் கூடையில் எறிந்தாள்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி அது. மலையிலிருந்து இறங்கும் காயைச் சல்லடை இயந்திரம் அளவுவாரியாகப் பிரித்துத் தள்ளும். அதற்குப் பிறகு சுவரோரமாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களின் தட்டுகளுக்கு வரும். பிளந்தது, கறுத்தது, பச்சை வெளுத்தது, பொக்கு என்று கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. அந்தக் காதுகளுக்குத் திங்கட்கிழமைதோறும் தீனி போடுகிறவள் ராமுத்தாய். முந்தின நாள் டிவியில் வந்த மல்யுத்தத்தைச் சண்டை சண்டையாகப் பிரித்து மேய்வாள். சில்லறைச் சண்டைகள் டீக்கு முன்னால், பெரிய சண்டை டீக்குப் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாலும் மாற்ற மாட்டாள்.

நல்ல சண்டைக்கு அவள் தரும் பட்டம் ‘எட்டு மில்லி’. குண்டு குண்டாக, பச்சைப் பசேலென்று இருக்கும் முதல் தரக் காய்க்கு இங்கே அதுதான் பேர். அடுத்தது ஏழு மில்லி. அவசரப்பட்டு முடித்த சண்டை ‘பொளந்தது’. நாற்காலி, மேசை எல்லாம் போட்டு உடைத்தும் மனசில் நிற்காத சண்டை பொக்கு. எட்டு மில்லி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து லேசில் வராது. வந்துவிட்டால் அன்றைக்கு வரிசை முழுக்க ஒரு சந்தோஷம், ஏதோ அவர்களே மேடையேறிச் சண்டை போட்டு வந்தது போல.

மல்லர்களின் நிஜப் பேர் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மெனக்கெட்டதில்லை. உயரமானவன் தேக்கு. இடுப்புவரை முடி தொங்குகிறவன் சடையன். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் உச்சியில் ஏறி நின்று குதிக்கிறவன் குரங்கணியான். சிவந்த மேனியும் சிவப்பு ஜட்டியுமாக வருகிறவன் செவ்வாழை. செவ்வாழை மீது அவளுக்குத் தனிப் பிரியம். வயசாகிவிட்டது அவனுக்கு. பெரும்பாலும் தோற்கத்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவன் விழுகிற அழகை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். “விழுறான் பாரு, அடிச்சவனுக்கே ஒரு பெருமை வந்துரும். அப்புடி விழுவான். செயிக்கிறதுக்கு என்ன, எந்தப் பயலும் செயிச்சுருவான்.”

சிலமலையில் அவளுடையது ஒற்றை அறையும் அடுப்படியுமான வீடு. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, கதவைச் சாத்தி, காலை நீட்டி, மடியில் பொரியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யார் தட்டினாலும் திறக்க மாட்டாள். பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் காவல்காரராக இருக்கும் அவள் வீட்டுக்காரர் அழகுமலை எப்போதாவது மலையிறங்கி வந்தால், அந்த நேரத்தில் அவருக்கும் டீக்கடைதான் கதி. டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவாள். “அவன் வேற இங்கிலீசுல குறுக்க குறுக்கக் கத்திக்கிட்டு. எனக்குக் கண்ணு இருக்கு, நான் பாத்துக்கிறேன்.”

கிட்டங்கி மேஸ்திரி பால்ராஜ் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். “அக்கா, அதெல்லாம் நடிப்புக்கா. யாரு செயிக்கணும், யாரு தோக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுத்தான் அடிச்சுக்குறாங்க.”

“கல்யாணமும்தான் பேசி வச்சுப் பண்றாக” என்றாள் ராமுத்தாய். “அடி விழாமயா இருக்கு?”

வரிசை சிரித்த சிரிப்பில் பால்ராஜ் எடைமேடைப் பக்கம் போய்விட்டான். அவள் விடவில்லை, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: “பேசி வச்சதுன்னு எனக்கும் தெரியும்யா. அத்தத் தண்டி ஆளைத் தலைக்கு மேல தூக்கி, அவனுக்கு ஒண்ணும் ஆகாமக் கீழ போடுறான்ல, அதைத்தான் பாக்குறேன்.”

அவளுக்கு அடுத்த இடம் கற்பகத்துக்கு. அவளும் சிலமலைதான். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்சில் வந்து இறங்குவார்கள். கற்பகத்துக்கு மல்யுத்தம் பிடிக்காது, அந்த நேரத்தில் அவள் நாடகம் பார்ப்பாள். ஆனால் ராமுத்தாயைப் பிடிக்கும். கற்பகத்தின் மகன் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து அவளை அழவைத்துவிட்டுப் போனார்கள். ராமுத்தாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வேலை முடிந்து பஸ் ஏறி வந்து, வார்டு வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இந்த வாரம் சடையன் என்ன பண்ணிட்டான் தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். கற்பகம் அந்த வாரத்தில் சிரித்தது அப்போதுதான். பையன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். அந்தச் சிரிப்பை மட்டும் கற்பகம் மறக்கவில்லை.

இந்த சீசன் தொடங்கியதிலிருந்து ராமுத்தாய் காயைத் திட்டிக்கொண்டே இருந்தாள். “எந்த ஸ்டோர்ல வாட்டுனானுக இதை? பச்சையே இல்ல பாரு. புகையை உள்ள விட்டுட்டானுக, கூறுகெட்ட பயலுக.” எஸ்டேட்டில் காயை உலர்த்தும் இடத்துக்கு ஸ்டோர் என்று பேர். புகை புகுந்தால் காய் வெளுக்கும், உண்மைதான். அதனால் மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆனால் வருகிற லோடு அத்தனையும் வெளுத்துப் போகுமா? பால்ராஜ் ஒரு கை அள்ளி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கிளிப்பச்சை. “நல்லாத்தானேக்கா இருக்கு?” என்றான். “போய்க் கண்ணைக் காட்டுய்யா நீ” என்றாள் அவள்.

சீசனின் முதல் வாரத்திலேயே டிஷ்காரனையும் வீட்டுக்கு வரவழைத்துச் சத்தம் போட்டாள். டிவியில் நிறமே இல்லை, செவ்வாழை வாடின வாழையாகத் தெரிகிறான், கூரைமேல் இருக்கும் டிஷ்ஷைத் திருப்பி வை என்று. அவன் கூரையேறித் திருப்பிவிட்டுப் போனான். பஸ்சில் அவள் இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டபோதுதான் கற்பகத்துக்கு உறைத்தது. பூப்பாறைக் காயும் அமெரிக்கா மல்லனும் ஒரே வாரத்தில் எப்படி வெளுக்க முடியும்?

அன்றைக்கு டீக்கு எழுந்தபோது ராமுத்தாயின் தட்டைப் பார்த்தாள். நல்ல காயோடு பிளந்ததும் கறுத்ததும் கலந்து கிடந்தன. கற்பகம் யோசிக்கவில்லை. சட்டென்று உட்கார்ந்து, கைக்கு எட்டியவற்றைப் பொறுக்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். வரிசையில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கற்பகத்தின் சொந்த வேலை பின்தங்கியது. “கற்பகம், கை ஏன் இழுக்குது?” என்று பால்ராஜ் கேட்டதற்கு மணிக்கட்டில் வலி என்று சொல்லி, பொய்க்குச் சாட்சியாகத் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ராமுத்தாயிடம் நேரே சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஒரு தடவை ஜாடையாக, கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றாள். “எனக்கென்ன கேடு?” என்று பாய்ந்தாள் ராமுத்தாய். அந்தப் பாய்ச்சலுக்குள் இருந்த பயம் கற்பகத்துக்குத் தெரியும். கண் மங்கியவர்களுக்கு இங்கே பொறுக்குகிற வேலை கிடையாது. கொல்லைப் பக்கத்துக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சாக்குத் தைக்க வேண்டும். பிழைப்புக்கு அதுவும் பிழைப்புதான். ஆனால் அங்கே திங்கட்கிழமை என்ற ஒன்று இல்லை. யாரிடம் சொல்வாள், தேக்கு அடித்ததையும் சடையன் சுருண்டதையும்? இந்த வரிசையை விட்டு எழுந்தால் ராமுத்தாய் பாதி ஆளாகிவிடுவாள்.

தை பிறந்து முதல் திங்கட்கிழமை. டீ முடிந்து பெரிய சண்டையைத் தொடங்கியிருந்தாள் ராமுத்தாய். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து போடுகிற கூட்டுச் சண்டை. ஒருவன் உள்ளே மோதும்போது கூட்டாளி கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், கையைத் தொட்டால்தான் ஆள் மாறி உள்ளே வரலாம். செவ்வாழை ஒரு பக்கம், குரங்கணியான் எதிர்ப்பக்கம்.

“குரங்கணியான் மேல ஏறி நின்னு பறந்தான் பாரு, நேரா செவ்வாழை நெஞ்சுல வந்து எறங்கிட்டான். தோளை அமுக்கி மூணு எண்ணிப்புட்டாக. முடிஞ்சு போச்சு. செவ்வாழை அசையக் காணோம். பாவம்…”

“இல்லியே அத்தை” என்றாள் சுஜாதா. போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண், வரிசையின் ரகசியம் அவளுக்குத் தெரியாது. “விழுந்தது அவன் கூட்டாளில்ல? செவ்வாழை கயித்துக்கு வெளியதான நின்னான்? கையை நீட்டிக்கிட்டு, வாடா வாடான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தானே.”

தட்டுகளில் காய் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

“அதெல்லாம் இல்ல. அக்கா சொல்றதுதான் சரி. விழுந்தது செவ்வாழைதான். நானும் பாத்தேன்” என்றாள் கற்பகம் அவசரமாக.

ராமுத்தாய் மெதுவாகத் திரும்பினாள். “நீயா? நீ எங்கடி பாத்த? உனக்கு அந்நேரம் நாடகம்ல?”

கற்பகம் குனிந்து தன் தட்டைக் கிளறினாள்.

ராமுத்தாய் தன் தட்டில் சேர்ந்திருந்த நல்ல காய்க் குவியலுக்குள் விரல்களை விட்டாள். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினாள். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கை நிறைய. இப்படி ஒவ்வொன்றாக நிதானமாக உருட்டினால், பிளவு எங்கே இருந்தாலும் அந்த விரல் சொல்லிவிடும். ஒன்றில்கூட இல்லை. ஒரு குறையும் இல்லாத அந்தக் குவியலைத் தடவத் தடவ அவள் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இது நான் பொறுக்குனது இல்ல” என்றாள். “எம்புட்டு நாளா, கற்பகம்?”

“சீசன் ஆரம்பத்துல இருந்துக்கா.”

“எனக்குத் தோத்துக் குடுத்துக்கிட்டு இருக்கியா நீ?”

குரல் உடைந்திருந்தது. அப்படியொரு குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கற்பகத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஆமா, தோத்துத்தான் குடுக்குறேன், என்ன இப்ப? நாடகத்தையும் விட்டுட்டு அந்தத் தடிப்பயலுகளை உக்காந்து பாக்குறேன். நீங்க தப்பாச் சொன்னா ஆமாம் போட ஒரு ஆளு வேணும்ல? கண்ணைக் காட்ட வாங்கன்னா வர மாட்டேங்குறீக. நான் வேற என்னதான் பண்ண?”

சுஜாதா பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தச் சத்தத்துக்கு எடைமேடையிலிருந்து பால்ராஜ் வந்துவிட்டான். “என்னக்கா, என்ன சண்டை இங்க?”

பெண்கள் அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். “ஒண்ணுமில்லண்ணே, நேத்து மல்யுத்தத்தைப் பத்தித்தான்…” என்று ஒருத்தி இழுத்தாள். தப்பித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. ஸ்டோர்காரனைத் திட்டலாம், டிஷ்காரனைத் திட்டலாம், ராமுத்தாய்க்கு அதெல்லாம் கை வந்த கலை. கற்பகம் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள், எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுங்கள் அக்கா என்று.

ராமுத்தாய் சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள்.

“எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு, பால்ராசு. காயில கோளாறு இல்ல. ஸ்டோர்காரனுகளை வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். இந்தப் புள்ளதான் என் தட்டையும் சேத்துப் பாக்குது. அதுக்குக் கைவலியெல்லாம் ஒண்ணும் கிடையாது.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா” என்றான் பால்ராஜ். பிறகு, “மொதலாளிகிட்டச் சொல்லித்தான் ஆகணும். நீங்க வெரசா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வாங்க. பெறகு என்ன ஏதுன்னு பாப்போம்.” அதற்கு மேல் வாக்குக் கொடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. அங்கிருந்து போகவும் மனசு வராமல் அப்படியே நின்றான்.

“வெள்ளிக்கிழமை போறேன்” என்றாள் ராமுத்தாய். “கற்பகத்துக்கும் அன்னைக்கு லீவு.”

கற்பகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். வரிசையில் யாரும் இன்னும் தட்டில் கை வைக்கவில்லை. பேசுகிறவள் ராமுத்தாய் ஒருத்திதான், அவளோ சும்மா இருந்தாள்.

“செவ்வாழை கையை நீட்டிக்கிட்டு நின்னானாமே” என்றாள் கடைசியில். “அப்புறம் என்னடி ஆச்சு?”

“எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா.”

“தெரிஞ்ச மட்டும் சொல்லு.”

கற்பகம் தடுமாறினாள். “குரங்கணியான் மேல ஏறுறதுக்கு முன்னாடியே கூட்டாளி தவழ்ந்து தவழ்ந்து வந்தான். இவன் எட்டுற மட்டும் எட்டுனான். வயிறு கயித்துல அமுங்கிருச்சு. அவன் கையும் இவன் கையும் இந்தா தொடப் போகுது, இந்தா தொடப் போகுதுன்னு…”

ராமுத்தாய் தன் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, பால்ராஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்பகத்தின் மடியில் வைத்தாள். சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.