காட்டுப் படத்தில் ஒரு பாறை

எங்கள் கல்லூரியில் பழைய அச்சுப் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு மாணவி நின்று, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். நான் கேட்டது ஒரு பிரெஞ்சு எட்சிங். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காடு. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு எடுத்த அச்சு. வெறும் கறுப்புக் கோடுகள்தான். ஆனால் இலைகளுக்கு நடுவே கோடே போடாமல் விட்ட இடமெல்லாம் வெயிலாகித் தரையில் விழுந்து கிடந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் படத்தைப் பற்றி என் அளவுக்குப் படித்தவர் வகுப்பில் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

படம் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் தோழிக்குப் போனது. அவள் அப்பா அங்குள்ள தொழிற்சாலையில் அதிகாரி.

"மேடம், எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி ரோடு அப்படியே இதான். சாயங்காலம் வாக்கிங் போனா இதே வெளிச்சம்" என்றாள்.

"பாருங்க, இவ உணர்ந்து பேசுறா" என்றார் ஆசிரியை.

மர நிழலில் வளர்ந்ததற்கெல்லாம் ஒரு பரிசா? அந்த ரோடு எனக்கும் தெரியும். என் அம்மா அங்கேதான் வீட்டுவேலை செய்கிறாள். திரும்பும்போது, உதிர்ந்த சுள்ளிகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வருவாள், எங்கள் வெந்நீர் அடுப்புக்கு. ஷேர் ஆட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிக்கொள்வார்.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பொருமினேன்.

"வுடுடி. அதுங்க ஊட்டாண்ட மரம் கீது, பேசுது. நம்ம ஊட்டாண்ட இன்னா கீது? செல்போன் டவரு. அத்த எவனாச்சும் வரைஞ்சா நீ பேசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள், தோழி கவனிக்காத ஏதாவது கிடைக்காதா என்றே பூதக்கண்ணாடியோடு படத்தின் முன் நின்றேன். வலது ஓரத்தில், பாதையருகே கறுப்பாக ஒரு மேடு. ஆசிரியை முதல் நான் வரை எல்லோரும் அதைப் பாறை என்றே சொல்லிவந்தோம். பாறைக்கு அடியில் இரண்டு கால்கள் இருந்தன. முதுகில் விறகுக் கட்டோடு குனிந்து நடக்கும் ஒரு பெண். நம் பக்கம் கட்டு தலையில் இருக்கும், ஆள் நிமிர்ந்து நடப்பாள். அதனால்தான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தோழி பக்கத்தில் வந்தாள். "என்னடி அப்படி உத்துப் பாக்குற? நான் எதையாவது விட்டுட்டேனா?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் நன்றாகவே பேசினாள். "இந்தப் பாறையின் கருமைதான் வெளிச்சத்தை எடுத்துக்காட்டுகிறது" என்று கைகாட்டினாள். கூட்டம் தலையாட்டியது. மரம், பாதை, வெயில் எல்லாம் அவளுக்குக் கிடைத்தாயிற்று. விறகுக்காரியையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"முதுவுலயா? எதுத்தாப்ல வண்டி வந்தா அவ எப்டி பாப்பா?"

"அது காடும்மா. வண்டியெல்லாம் வராது."

"குடுத்து வெச்சவ" என்றாள் அம்மா.