தங்கச்சிக்கு வெயில் ஆகாது

என் தங்கச்சி பிறந்தபோது அவள் தலைமயிர் இலவம்பஞ்சு நிறத்தில் இருந்தது. இமை மயிரும் அப்படித்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படியொரு பிள்ளையைப் பார்த்ததில்லை. அப்பா சங்கு குளிக்கிறவர். வெயிலும் உப்புத்தண்ணீரும் ஏறி அவர் தோள் கன்னங்கரேலென்று மின்னும். அந்தத் தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். "வெள்ளைக்காரியப் பெத்துருக்கேன்" என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அவள் நடக்கப் பழகிய வருஷம், கோடையில் ஒருநாள், வள்ளம் கரைக்கு வரும் நேரம் அம்மா அவளையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை மணலில் விளையாடட்டும் என்று விட்டுவிட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பிள்ளையின் கழுத்தும் கையும் சிவந்துபோயின. மறுநாள் கொப்பளம். அம்மா கற்றாழையைக் கீறி, உள்ளிருந்த சோற்றைக் கழுவிக் கழுவி வைத்தாள். தொட்டாலே பிள்ளை வீறிட்டாள்.

அடுத்த வீட்டு அத்தைதான் அந்த யோசனையைச் சொன்னாள். "தேங்கா எண்ணெயில மஞ்சளக் குழச்சுப் பூசிவிடுளா. வெயில் உள்ள ஏறாது."

அந்தக் கோடை முழுக்க என் தங்கச்சி மஞ்சள் நிறத்தில் பளபளவென்று திரிந்தாள். எண்ணெய் பூசிய தைரியத்தில் அம்மா அவளைக் கொஞ்சம் கூடுதலாகவே வெளியே விட்டாள். மறுபடியும் வெந்துபோனது, முன்னைவிட மோசமாக. பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அம்மாவைத் திட்டவில்லை. "எண்ணெய் வெயிலைத் தடுக்காதும்மா. துணி தடுக்கும், நிழல் தடுக்கும். வெயில் ஏறினப்புறம் பிள்ளைய வெளிய விடாதீங்க" என்றார்.

அம்மாவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. கெட்டியான பருத்தி விரிப்புகளை நீலச்சாயத்தில் முக்கி எடுத்து, கை மூடுகிற சட்டையும் கால் மூடுகிற பாவாடையும் தைத்தாள். பனையோலையில் அகலமான தொப்பி முடையச் சொல்லி வாங்கினாள். வாசலில் தென்னந்தட்டி தொங்கியது. எதிர்ச்சுவரின் வெள்ளையில் வெயில் பட்டுத் தங்கச்சிக்குக் கண் கூசியது என்பதற்காக, அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பதையே நிறுத்தினோம். வியர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுவாள். கோவிலுக்கு விடிவதற்குள் நடக்கும் முதல் பூசை, கடலுக்கு அந்தி நேரம். வீடே அவள் பொழுதுக்கு மாறிக்கொண்டது. அவளுக்குத் துணையாக நானும் முழுக்கைச் சட்டை போட்டேன். வேர்த்துக் கொட்டும். ஆனாலும் எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாக இருந்தது.

தோல் ஆறியது. கொப்பளம் வரவேயில்லை.

மடத்துப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தார்கள். காலையில் தொப்பியோடு போவாள். கரும்பலகை சரியாகத் தெரியாது என்பதால் சிஸ்டர் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பாள், ஆனால் ஆசையாகப் படிப்பாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் மதியம் பிள்ளைகளோடு ஓடி விளையாடும் ஆசையில் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையையும் மடக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது முகம் வீங்கியிருந்தது.

மறுநாள் அம்மா அவளை அனுப்பவில்லை. அந்த வாரமும் அனுப்பவில்லை. அப்பா கேட்டார்: "ஏளா, பிள்ளைய எத்தனை நாளைக்கு அடைச்சு வைப்ப? பள்ளிக்கூடத்துல கூரை இருக்குல்லா?"

"நீங்க கடலுக்குப் போயிருவிய. அவ துடிக்கதப் பாக்கது நானு" என்றாள் அம்மா.

சிஸ்டரே வீட்டுக்கு வந்தார். விளையாட்டு நேரத்தில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா காப்பி கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், முடியாது என்றாள். உள் அறையில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே கழட்டமாட்டேன்னு சொல்லுக்கா" என்றாள். நான் போய்ச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலங்களில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வடியும். பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போனேன். அதோடு அதுவும் நின்றது.

அப்பா இறந்து பல வருஷம் கழித்து, அம்மாவையும் தங்கச்சியையும் தோல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். தங்கச்சிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. டாக்டர் அவள் கையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிப் பிறந்தவர்களுக்கு இந்த வயதில் ஆறாத புண்ணெல்லாம் வந்துவிடும், இவருக்கு ஒன்றுமேயில்லை, யார் இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். அம்மா முகம் மலர்ந்ததை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே. "நாந்தான் சார்" என்றாள்.

டாக்டர் ஒரு தாளைத் தங்கச்சியிடம் நீட்டினார். கவனமாக இருக்கவேண்டியதெல்லாம் தமிழில் அச்சடித்திருந்தது. அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள், உதட்டை அசைத்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். "நீயே படிச்சுச் சொல்லுக்கா."

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா திடீரென்று தங்கச்சியின் முழங்கையைத் தொட்டாள். "உன்னய அப்பவே வெயில்ல விட்டுருக்கணும்ளா."

தங்கச்சி கோபப்படவில்லை. "வெயில்ல இல்லம்மா. பள்ளிக்கூடத்துக்கு விட்டுருக்கணும்" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் நான் ஊருக்குப் போனபோது, பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தரும் இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று அம்மா என்னிடம் தனியாகக் கேட்டாள். விசாரித்தேன். கோவிலை ஒட்டிய கூடத்தில் சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தங்கச்சியிடம் சொன்னோம். "இனிமே எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அம்மா மட்டும் ஒருநாள் அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறாள். எங்களிடம் அவள் சொல்லவில்லை. வகுப்பு எடுத்த பெண்தான் பிறகு என்னிடம் சொன்னாள்: வயதான அம்மா ஒருத்தர் வந்து, ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் கண்ணில் அடிக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து போனார்களாம்.