வாள் மெசினுக்கு நான் விட்ட எண்ணெய்

எங்கள் வீட்டு வாள் மெசின் நின்றுபோனதற்கு இரண்டு நாள் முழுக்க என் கணவரைத் திட்டினேன். பழையதை வாங்கினது அவர், ஈரமரத்தை வைத்து அரிந்தது அவர், மாரியில் சாக்குப் போட்டு மூடாமல் விட்டது அவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மனிதர் தேத்தண்ணி குடித்தார். உண்மையில் அந்த மெசினைக் கொன்றது நான். இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

மெசின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தகர மேசை, அதன் நடுவில் பாதி வெளியே தெரிகிற வட்ட வாள், அடியில் தொங்குகிற ஒரு மோட்டர். கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே இவர் அதை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். உயிலங்குளத்து வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வருடம் கோப்புகளோடு இருந்த மனிதருக்குத் தச்சுவேலை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. ஒரு கோழிக்கூடு செய்தார், ஆள் இருக்க இரண்டு வாங்கு செய்தார், கதவு பூட்டாத அலுமாரி ஒன்றும் செய்தார். ஆனால் அளவு எடுப்பதில் ஆள் கெட்டி. ஒரு நூல் பிசகாது.

அந்தத் திறமை எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது போன வருடம்தான். என் அண்ணனுக்குச் சீனி வருத்தம். காலில் வந்த புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். கலியாணம் கட்டாத மனிதர். தலைமன்னாரில் எங்களோடுதான் இருக்கிறார். நாற்பது வருடம் கடலில் நின்றவர். ஆஸ்பத்திரியில் டொக்டர் சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். கட்டிலில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சில்லுக் கதிரை எங்கட வாசலுக்குள்ளால போகுமே?"

போகாது. வாசல் ஒடுக்கம், கீழே படி வேறு. "அதுக்கென்ன அண்ணன், பக்கத்து வீட்டுப் பெடியள் தூக்கிக்கொண்டு போவினம்" என்றேன்.

"என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போறது ஒருக்காத்தான். அது இப்ப வேண்டாம், தங்கச்சி."

நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் உடனே எழும்பிப் போய் அளவு நாடாவை எடுத்தார். முன்வாசலை இடித்து அகலமாக்குவது, கீழ்ப்படி இல்லாத புது நிலை ஒன்று போடுவது, வெளியே சக்கரம் ஏறுகிற மாதிரி ஒரு சாய்வுப் பலகை வைப்பது. வேப்பமரம் வாங்கினோம். மேசனார் வந்து திங்கட்கிழமையே பழைய நிலையைப் பிடுங்கி, சுவரையும் உடைத்துவிட்டுப் போனார். நிலை தயார் என்றால் வெள்ளிக்கிழமை வந்து நிறுத்தித் தருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பகல், நிலையின் ஒரு பக்கத்துக் காலை அரிந்து முடித்து மற்றதில் பாதி போகும்போது, மோட்டர் முக்கியது. அடியில் நீலப் பொறி சுற்றிச் சுற்றிப் பறந்தது. எரிந்த மணம். பிறகு நின்றுவிட்டது.

வாசல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டையோடு வீடு நிற்கிறது. அன்று பின்னேரம் ஒரு கழுதை வந்து நடுவீட்டுக்குள் நின்று என்னைப் பார்த்தது. கைவாளால் அரியலாமே என்று நினைப்பீர்கள். இவருக்கு வலது தோள் மேலே எழும்பாது. ஊரில் இருக்கிற தச்சரோ கோயில் திருநாளுக்குப் பந்தல் வேலையில் நின்றார். அடுத்த கிழமைதான் வருவேன் என்றார். நான் அவரைத் திட்டாமல் இவரைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் அல்லவா.

மோட்டரைத் திறப்பது என் வேலை. இவர் திருகாணியைக் கண்டாலே தள்ளி நிற்பார். நானும் அண்ணனும் அப்பாவின் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டி வளர்ந்த பிள்ளைகள். தையல் மெசின், மிக்சி, காற்றாடி எல்லாவற்றையும் நானே திறந்து பார்ப்பேன். நான் திறக்கும்போது இவர் பிளக்கைக் கழற்றி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, செபமாலை பிடித்தவர் மாதிரி பக்கத்தில் இருந்தார். வேலை முடியும் வரைக்கும் விடவில்லை.

மோட்டரின் இரண்டு பக்கமும் கறுப்பு மூடி இருக்கும். அதைத் திருகினால் உள்ளே இருந்து விரல் நுனியளவு கரிக்கட்டை ஒன்று சுருள்கம்பியோடு வெளியே வரும். கடையில் காபன் என்று கேட்டால் தருவார்கள். சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் போவது அதன் வழியாகத்தான். எங்களுடையது இரண்டும் தேய்ந்து, நகம் அளவுதான் மிச்சம். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

புதன்கிழமை விடியவே டவுனுக்குப் போனோம். பழைய காபனை எடுத்து வைத்து அளந்து பார்த்த கடைக்காரப் பெடியன், அச்சாக அதே அளவு இல்லை, கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கு என்றான். மட்டத்தாளில் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றான்.

"ரெண்டு சோடியா எடுங்கோ அக்கா, ஒண்டு கையில இருக்கட்டும்."

"எனக்கு இருக்கிறது ஒரு மோட்டர்தான் தம்பி" என்று ஒரு சோடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்த பிறகு இவர் குடையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லித் திரும்பிப் போனார். அதற்கும் திட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து தேய்த்தேன், ஊதினேன், உள்ளே விட்டு மூடியைத் திருகினேன். கடைசியில், எங்கள் வழக்கப்படி எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

இந்த வழக்கத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவு, துடை, எண்ணெய் விடு. எங்கள் வீட்டில் செபத்துக்கு அடுத்ததாகப் படித்தது இதைத்தான். இங்கே வீசுகிற உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. அதனால் சனிக்கிழமை தோறும் நான் நீண்ட மூக்குள்ள அந்தப் போத்தலோடு வீட்டைச் சுற்றி வருவேன். கேற்றுப் பிணைச்சல், கத்தரிக்கோல், சைக்கிள், கிணற்றுக் கப்பி, இவருடைய மூக்குக்கண்ணாடித் திருகாணி. இரண்டு வருடமாக வாள் மெசினுக்கும், காற்றுப் போகிற ஓட்டைகளுக்குள்ளால், ஐந்து சொட்டு.

போத்தலைக் கண்டதும் இவர் மெதுவாகச் சொன்னார். "இஞ்சாரும், புத்தகத்தில மோட்டருக்குள்ள எண்ணெய் விடவேண்டாம் எண்டு போட்டிருக்கு."

மெசினோடு வந்த புத்தகத்தை மனிதர் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு வந்தது கோபம்.

"புத்தகம் எழுதினவன் இஞ்ச ஒரு மாரிக்கு இருந்து பாத்தவனோ? வயல்காரருக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் பிளக்கைப் பிடியுங்கோ, அது போதும்."

அவர் பிளக்கைப் பிடித்தார். நான் ஐந்து சொட்டுக்குப் பதிலாகப் பத்துச் சொட்டு விட்டேன். மெசின் ஓடியது. நான் அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை நிலையின் இரண்டாவது காலை அரிந்து முடித்தோம். மேல்கட்டையை வைத்து ஒரு சாண் போகவில்லை. அதே நீலப் பொறி, அதே மணம். நின்றுவிட்டது. நான் மணலில் இருந்துவிட்டேன். அண்ணனுக்கு என்ன சொல்வது என்று மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அவரே போன் எடுத்தார். மெசின் பழுதான விசயத்தை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. என் குரலைக் கேட்டதுமே பிடித்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, என்ன நடந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டார். பொறி எப்படிப் பறந்தது, காபன் என்ன நிறம், புதுசைப் போட்ட பிறகு என்ன செய்தாய்.

"வழக்கம்போலத்தான்."

"வழக்கம்போல எண்டால்?"

"எண்ணெய் விட்டனான்."

"எங்க?"

"உள்ளுக்கு."

அந்தப் பக்கம் சிரிக்கத் தொடங்கினார். கால் எடுத்த பிறகு அண்ணன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கி, இருமி, திரும்பவும் சிரித்தார்.

"எடி விசரி. இதில கரண்ட் அந்தக் கரியால போய்ச் செம்பில தொடவேணும். நடுவில நீ எண்ணெயை ஊத்தினால் அது எங்க தொடுறது? கரித்தூளும் எண்ணெயும் சேந்து களியாப் போயிருக்கும். பின்மூடியைக் கழட்டிப் பார்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் ஒருக்கா அப்பாவின்ர எஞ்சின் ஸ்டார்ட்டருக்கு விட்டனான். பழியைக் கடல்தண்ணியில போட்டுட்டு இருந்தனான். இப்பதான் ஒராளுக்குச் சொல்லுறன்."

பின்மூடியைக் கழற்றினோம். கழற்றும் முன் இவர் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுத்தார். உள்ளே செம்புத் தகடுகள் எல்லாம் கண்மை பூசினது மாதிரி. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள் அப்படியே கிடந்தன. புதுக் காபன் இரண்டும் எண்ணெயில் ஊறி, பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. வழித்தெடுத்தோம். அண்ணனுடைய காயத்துக்கு மருந்து கட்டவென்று வாங்கி வைத்த ஸ்பிரிட் போத்தல் அலுமாரியில் இருந்தது. அதில் துணியை நனைத்துத் தகடு தகடாகத் துடைத்தேன். தகடுகளுக்கு இடையில் இருந்ததை ஈர்க்கால் எடுத்தேன். பிறகு காற்றில் வைத்துக் காயவிட்டோம். இங்கே காற்றுக்கு மட்டும் பஞ்சம் இல்லை.

காய்ந்த பிறகுதான் காபன் இல்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. டவுனுக்குப் போய் வர மதியம் தாண்டிவிடும். இவரைப் பார்த்தேன். மனிதர் உள்ளே போய் அந்தக் கோப்பைக் கொண்டுவந்தார். புத்தகத்துக்குப் பின்னால், பிளாஸ்ரிக் உறைக்குள் இன்னொரு சோடி காபன் இருந்தது.

"குடையை எடுக்கப் போகேக்க வாங்கினனான்" என்றார்.

"குடை?"

"குடை என்ர பைக்குள்ளதான் கிடந்தது."

நான் எண்ணெய் விடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கமாட்டேன் என்பதும் தெரியும். அதனால் அதற்கும் சேர்த்து முதலே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழை என்னுடையது என்று வாய் திறந்து சொன்னேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் மூன்றாவது தரம் சொல்லியிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மட்டத்தாளை எடுத்து என் கையில் தந்தார்.

காபனைத் தேய்த்துப் போட்டேன். மூடியைத் திருகிவிட்டுக் கை தானாகப் போத்தல் இருக்கிற தட்டுப் பக்கம் போனது. போத்தலைக் காணவில்லை. இவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மெசின் அன்று இருட்டும் வரை ஓடியது. வெள்ளிக்கிழமை மேசனார் வந்து நிலையை நிறுத்தினார். நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று இவர் முணுமுணுத்தார். "சனிக்கிழமை வாறவர் நேரம் பாத்தே வாறார்" என்றேன். ஆனாலும் பத்து நிமிடம் பிந்தி நிறுத்த விட்டேன். அந்தளவுக்கு நான் கடன்பட்டிருந்தேன்.

சனிக்கிழமை அண்ணனுடைய ஓட்டோ வந்து நின்றபோது பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆயத்தமாக நின்றார்கள். அண்ணன் கதிரைக்கு மாறி இருந்து, அவர்களைப் பார்த்துக் கையை அசைத்து விலகச் சொன்னார். பிறகு சக்கரங்களை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். சாய்வுப் பலகையில் பாதி ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்தார். இவர் பின்னால், கைப்பிடிக்கு ஒரு விரல் இடைவெளியில் கையை வைத்துக்கொண்டு, தொடாமல் நடந்தார். கதிரை கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டு ஏறியது. வாசலில் இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம். உள்ளே போய்விட்டார்.

நடுவீட்டில் கதிரையை நிறுத்தி, வேப்பமர நிலையைத் திரும்பிப் பார்த்தார். இவரைப் பார்த்து, "நல்லா இருக்கு மச்சான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இந்தச் சில்லு கத்துது. இதுக்கு நீ விடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் போய், கோப்பு வைக்கிற மேசை லாச்சியை இழுத்து, எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் நிலத்தில் குந்தியிருந்து இரண்டு சக்கரத்துக்கும் விட்டேன். முன்னால் கால் வைக்கிற தட்டுகள் இரண்டு. வலது தட்டின் பிணைச்சலுக்கு விட்டேன். இடது தட்டு வெறுமையாக இருந்தது. அதை மடித்து விரித்துப் பார்த்து, அதற்கும் இரண்டு சொட்டு விட்டேன்.

"அதுக்கேன்? அதில கால் இல்லையே" என்றார் அண்ணன்.

"பொய்க்கால் செய்து தருவினம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே. அது வருமட்டும் துருப்பிடிக்கக்கூடாது" என்றேன்.

அண்ணன் கையை நீட்டிப் போத்தலை என்னிடமிருந்து வாங்கினார். குனிந்து, அந்தத் தட்டுக்குத் தானும் ஒரு சொட்டு விட்டார்.